ஹாஸ்கிக்குக் கிடைத்த வீடு

ஹாஸ்கி எனக்குத் தரவேண்டியது நூற்றுப் பத்து டாலர். என் மனைவிக்கு நோய் தீர்க்கும் சடங்கு வைக்க பிக்அப் வண்டியை அவனிடம் விற்றேன், அதில் நின்ற பாக்கி. தராவிட்டால் வண்டியையே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு போனேன்.

பணம் மட்டும் காரணம் இல்லை. அவன் என் அத்தை மகன். மேசா மேட்டில் சேர்ந்து ஆடு மேய்த்தவன். நிலக்கரி அவன் மாமியார் நிலத்துக்கு அடியில் போய்க் கிடந்தது. என் பக்கம் வெறும் மணல். சுரங்கக்காரர்கள் அவர்களைக் கிளப்பினார்கள், ஆடுகளை விற்கவைத்தார்கள், டவுன் ஓரத்தில் வீடு கொடுத்தார்கள். திருகினால் தண்ணீர், அழுத்தினால் விளக்கு. நானோ வாரம் முழுக்க அதே சுரங்கத்தில் கரி அள்ளுகிறவன். அந்தக் கரியில் எந்தெந்த ஊரிலோ இரவெல்லாம் வெளிச்சம். என் ஹோகன் மண்குடிசையில் மண்ணெண்ணெய்ப் புகை. அடி வயிறு எரியாமல் என்ன செய்யும்?

வீட்டு வாசலில் பிக்அப் நின்றது. தார்ப்பாய் கட்டிய பின்பக்கத்திலிருந்து ஹாஸ்கி தலையை நீட்டினான். உள்ளே மெத்தை, போர்வை, காபிப் பாத்திரம், சவரக் கண்ணாடி.

"வா மச்சான். கடன் கேக்க வந்தியா, கரி மூஞ்சியக் காட்டிட்டுப் போக வந்தியா?"

"குழாத் தண்ணி குடிச்சுக் கொழுத்துட்ட. வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வைக்கமாட்டியா?"

"நானே உள்ள போறதில்லடா."

வீட்டுக்குள் சின்னதாக ஒரு மணிச்சத்தம். ஹாஸ்கி சட்டென்று போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டான். மாமியார் இடுப்பில் கட்டியிருக்கும் மணி அது. எங்கள் நவாஹோ பழங்குடிச் சனத்தில் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்தால் கண் போய்விடும். மேட்டில் அவரவருக்கு ஒரு ஹோகன், நடுவே கூப்பிடு தூரம். இங்கே ஒரே வாசல், ஒரே கூடம்.

சத்தம் ஓய்ந்ததும் போர்வையை விலக்கினான்.

"இன்னொரு வீடு கேக்குறதுதானே?" என்றேன்.

"கேட்டேன். அந்த வெள்ளைக்கார ஆபீசர் சிரிச்சான். 'நிலாவுல ஆள இறக்கின நாடு இது. ஒரு குடும்பத்துக்கு எத்தனை வீடு வேணும்னு எங்களுக்குத் தெரியாதா?'ன்னான். நாட்டுக்காக நிலத்த விட்டதுக்கு நாங்க பெருமப்படணுமாம்."

"அந்தம்மாவ வேற எங்கயாச்சும்..."

"போனது அவங்க நிலம்டா. அவங்கள எங்க அனுப்புறது? அவங்க தூங்கினப்புறம் தெஸ்பா வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவா. கல்யாணத்துக்கு முந்தி திருட்டுத்தனமாப் பாத்துக்கிட்ட மாதிரியே இருக்கு."

அவன் மனைவி தெஸ்பா ஆட்டுக்கறிக் குழம்பும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. எல்லாம் கேட்ட பிறகும் அந்தக் குழாய்மேல் எனக்குப் பொறாமை போகவில்லை.

நான் குடித்து முடித்ததும் ஹாஸ்கி சாவியை நீட்டினான். "காசு இல்ல மச்சான். வண்டிய எடுத்துட்டுப் போ. மெத்தைய மட்டும் இறக்கிக்கிறேன்." சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மெத்தையைச் சுருட்டத் தொடங்கினான்.

"விடு. வண்டி உன்னுது. பாக்கி கெடையாது."

"என்னடா, பிச்சை போடுறியா?"

"ஆமா. பங்களாக்காரனுக்கு நான் போடாம யாரு போடுவா?"

கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, மெத்தையைத் திரும்ப விரித்தான்.