பெட்டியில் அச்சான பெயர்

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனிக்கு டைரக்டராக இருந்த மொக்கைச்சாமி, 2003 ஆடியிலிருந்து மூன்று வருடத்துக்குள் இரண்டரை அடி குட்டையாகிப்போனான். நோய் ஒன்றும் இல்லை. கம்பெனி விற்ற பனியன்கள் பெட்டியில் போட்டிருந்த நீளத்தைவிடக் குட்டையாக இருந்தன. பெட்டியில் அச்சாகியிருந்த பெயர் அவனுடையது. அவ்வளவுதான் விஷயம்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மனைவி ஒச்சாயியோடு பிழைக்க வந்து, கம்பெனியில் துணிக்கட்டு தூக்கிக்கொண்டிருந்தவன் அவன். நூல் விலை ஏறிய வருடம் முதலாளி மகுடேஸ்வரன் பனியனுக்கு இரண்டு விரல் துணியைக் குறைத்து வெட்டச் சொன்னார். பெட்டியில் பழைய அளவே இருக்கட்டும் என்றார். பிடிபட்டால் அபராதம், மறுபடி பிடிபட்டால் ஜெயில் என்று எச்சரித்த வக்கீலே அதற்கு வழியும் சொன்னார். டைரக்டர்களில் ஒருவரைப் பொறுப்பாளி என்று எழுதிக் கொடுத்துவிட்டால் தண்டனை அவரோடு நின்றுவிடுமாம். மகுடேஸ்வரன் தம்மையும் விட்டார், தம் மச்சானையும் விட்டார், மொக்கைச்சாமியைப் பிடித்து டைரக்டர் ஆக்கினார். பொறுப்பாளி என்று பெட்டியிலும் அவன் பெயரே அச்சாயிற்று. கையெழுத்துப் போட்ட அன்று அவனுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. பாவி மனுஷன், ஊருக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னான்.

சரக்கு கடைகளுக்குப் போன மாதமே, நாற்காலியில் உட்கார்ந்தால் அவன் கால் தரைக்கு எட்டவில்லை. ஒச்சாயிக்கு அதே கம்பெனியில் பாக்கிங் வேலை. குட்டைப் பனியனை மடித்துப் பெட்டியில் போட்டு, புருஷன் பெயர் அச்சிட்ட லேபிளை அவளே ஒட்டி அனுப்பினாள். ஒட்டாவிட்டால் கூலி கிடையாது. பின்னல் துணி இழுத்தால் நீளும் என்பதால், ஒவ்வொரு பனியனையும் மேசையில் விரித்து, பெட்டியில் போட்ட அளவு வரும்வரை இழுத்து மடித்துப் பார்த்தாள். சூப்பர்வைசர் வேலை ஓடவில்லை என்று வைதாலும், அந்த வாரம் மொக்கைச்சாமி குறையவில்லை. பிறகு வாங்கியவர்கள் துவைத்தார்கள். துணி பழையபடி சுருங்க, அவனும் ஒரே நாளில் நான்கு விரல் போனான். அன்று அவனைவிட அவள்தான் அதிகம் அழுதாள். கொடுமைதான். ஆனால் வீரபாண்டியில் அப்போது எல்லார் வாயிலும் இருந்தது நூல் விலைதான்.

எடையளவு ஆய்வாளர் முதல் முறை வந்தது அபராதத்தோடு முடிந்தது. அதை டைரக்டரின் கூலியில் பிடித்தார்கள். இரண்டாம் முறை கோர்ட்டுக்குப் போயிற்று. மகுடேஸ்வரன் அவன் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார். கூண்டுக்கு மேலே மொக்கைச்சாமியின் தலை தெரியாததால் எழுத்தர் எட்டிப் பார்த்து, ஆள் ஆஜர்தான் என்று எழுதிக்கொண்டார். குட்டையாவதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லாததால் யாரும் அதைக் கேட்கவில்லை. ஆறு மாதம் போட்டார்கள். உள்ளே இருந்தபோதும் வெளியே பெட்டிகள் விற்றுக்கொண்டுதான் இருந்தன. விடுதலையான அன்று ஒச்சாயி அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் மீசையைப் பார்த்தும் அரை டிக்கெட்டே கொடுத்தார்.

மறுநாள் அவள் முதலாளி முன்னால் போய் நின்றாள். “அளவ ஒழுங்கா வெட்டுனா என்ன மொதலாளி? மனுசன் கரைஞ்சுக்கிட்டே போறாரு.”

“எல்லாக் கம்பெனிக்காரனும் கொறச்சுத்தான் வெட்டறான், அம்மிணி. நாம மட்டும் முழுசா வெட்டுனா எப்படி நிக்கறது?” என்றார் மகுடேஸ்வரன். குரலில் கோபம் இல்லை. “வேண்ணா பேர மாத்திக்கலாம். அவனுக்கு அதோட நின்னு போகும். ஆரு பேரப் போடறதுன்னு நீயே சொல்லு.”

ஒச்சாயி திரும்பிப் பார்த்தாள். தைத்துக்கொண்டிருந்த ஜெயபாண்டியும் முனீஸும் மெஷினை விட்டுத் தலை தூக்கவில்லை.

“எம் பேரவே போட்டுக்கிருங்க,” என்றாள்.

பழைய பெட்டிகள் தீர்ந்து, பங்குனியில் அவள் பெயர் போட்ட புதியவை வந்தன. அவற்றுக்கும் அவள்தான் லேபிள் ஒட்டினாள். மொக்கைச்சாமி அதற்குமேல் ஒரு விரல்கூடக் குறையவில்லை. போன உயரம் திரும்பி வரவும் இல்லை. சித்திரையில் ஒச்சாயியின் சேலை தரையில் புரளத் தொடங்கியது. அவள் கொசுவத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினாள்.