அவளே சொல்லட்டும்

அந்தத் தேவாலயத்தின் அடித்தளச் சமையலறையில் செல்போன் சிக்னல் வராது. அமெரிக்காவின் வடக்கு ஓரத்துச் சூப்பீரியர் ஏரிக் காற்றே உள்ளே நுழையத் திணறும் கல் கட்டடம் அது, சிக்னலுக்கு மட்டும் எங்கிருந்து வழி கிடைக்கும்? மற்ற நாளாக இருந்தால் லின்னியா இதைப் பற்றிக் கவலையே பட்டிருக்க மாட்டாள். ஆனால் இன்று ஏப்ரல் பதினைந்து. அதனால் அவள் உருளைக்கிழங்கை நறுக்குவதும், கத்தியைப் போட்டுவிட்டு மாடிப்படி ஏறி ஓடுவதும், ஜன்னலோரம் வைத்த போனைப் பார்த்துவிட்டுத் தொங்கிய முகத்தோடு திரும்பி வருவதுமாகக் காலையிலிருந்து ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தாள்.

பல்கலைக்கழகங்களில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தவர்கள் சேருகிறார்களா இல்லையா என்று சொல்ல இன்றுதான் கடைசி நாள். கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலைந்து இடங்களில் சீட்டைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இன்றைக்குத்தான் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் போனால் போகிறது என்று விடுவார்கள். அப்படி விடப்படும் சீட்டுக்காக வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவர்கள் நாடு முழுக்க நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருப்பார்கள். லின்னியாவும் அதில் ஒருத்தி. பேச்சு சிகிச்சை படிப்புக்கு விண்ணப்பித்த இடமெல்லாம் கையை விரித்துவிட்டது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் வெயிட்டிங் லிஸ்ட்.

அந்தத் தொழிலில் முதுகலைப் பட்டம் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. இளங்கலையை வைத்துக்கொண்டு அவள் இப்போது செய்வதுபோல் ஆரம்பப் பள்ளியில் உதவியாளாக இருந்து பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடலாம், பனிக்கோட்டு மாட்டிவிடலாம். ‘ர’ வராமல் தவிக்கும் ஒரு குழந்தையை உட்காரவைத்துச் சொல்லித்தர அவளுக்கு உரிமை கிடையாது. எத்தனை ஆசை இருந்தென்ன, கதவைத் திறந்துவிட ஒருவர் வேண்டுமே.

போன வருடமும் இதே கதைதான், அதைவிட மோசம் என்றுகூடச் சொல்லலாம். இதே நாளில் இதே பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. பள்ளியில் வேலை நேரத்தில் போனை அலமாரியில் பூட்டிவைக்க வேண்டும் என்பது விதி. அவள் மாலையில் எடுத்துப் பார்த்துப் பதறிக் கூப்பிட்டபோது சீட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. “மன்னிச்சுக்கோங்க, நாங்க காத்திருக்க முடியாது” என்றது ஒரு குரல். அன்று கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்து அழுதாள், பாவம்.

இந்த வருடம் அதற்காகவே பள்ளிக்கு லீவு போட்டிருந்தாள். அன்றைக்கென்று பார்த்துத் தேவாலயத்தில் பாஸ்டி விற்பனை வந்து தொலைத்தது. மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் ருட்டபாகா கிழங்கும் வெங்காயமும் பொடியாக நறுக்கி, மாவில் வைத்து மடித்துச் சுடும் பாஸ்டிக்கு அந்த ஊரில் அடிதடி. கூரையைச் செப்பனிடுவது, பியானோவுக்குச் சுதி சேர்ப்பது எல்லாமே பாஸ்டி புண்ணியத்தில்தான். வேலை கேட்டால் வரமாட்டேன் என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வராது, முக்கியமாக வில்மாவிடம். எழுபது வயதைத் தாண்டிய வில்மாதான் அந்தச் சமையலறையின் சேனாதிபதி.

“ஏண்டி, இது யார் பண்ண வேலை?” என்று சேனாதிபதியின் குரல் கிளம்பியது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெங்காயம் போடாத பாஸ்டிக்கு மட்டும் மேலே முள்கரண்டியால் ஒரு குத்து வைக்க வேண்டும், அதுதான் அடையாளம். சுடத் தயாராக இருந்த தட்டில் வெங்காயம் போட்ட அத்தனை பாஸ்டியும் குத்து வாங்கியிருந்தன. வெங்காயம் இல்லாதவை மொழுமொழுவென்று இருந்தன.

லின்னியா கையிலிருந்த முள்கரண்டியைப் பின்னால் மறைத்தாள்.

“வெங்காய வாசனை பட்டாலே நம்ம பாதிரியாருக்கு வயிறு உப்பிடும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை நீ பண்றியா?”

“ஸாரி, வில்மா ஆன்ட்டி.”

“அவளைத் திட்டாதீங்க வில்மா,” என்றாள் மாவு தேய்த்துக்கொண்டிருந்த லின்னியாவின் அம்மா மார்லிஸ். “அவ உடம்பு இங்க இருக்கு, உசுரு மேல ஜன்னல்கிட்ட இருக்கு.”

“அப்ப அந்த உசுரை யார்கிட்டயாவது குடுத்துட்டு வரச் சொல்லு. இன்னும் ரெண்டு தட்டு இப்படிப் போச்சுன்னா ஊரே ஏப்பம் விடும்.”

யாரிடம் கொடுப்பது? மேலே இருந்தது ஒரே ஆள்தான், லின்னியாவின் அண்ணன் ஆர்வோ. பாஸ்டிப் பெட்டிகளைத் தன் வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். குளிர்காலம் முழுக்கச் சாலையில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன். முழங்கால் புதையும் பனியில் நடுச்சாலையில் நிறுத்தி வைத்தாலும் சீட்டியடித்துக்கொண்டு நிற்பான், ஆனால் ஒரு போன் அடித்தால் ஆளைக் காணாது.

ஆர்வோவுக்குச் சிறு வயதிலிருந்தே பேச்சு திக்கும். நேரில் நின்று பேசினால் பரவாயில்லை, கண்ணையும் கையையும் பார்த்துக் கேட்பவர்கள் காத்திருப்பார்கள். போனில் ஒரு நொடி சத்தம் நின்றால் போதும், “ஹலோ? ஹலோ?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். ஒருமுறை பீட்ஸா கேட்கக் கூப்பிட்டபோது மூன்று தடவை வைத்துவிட்டார்கள். அன்றோடு போனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டான். எதுவாக இருந்தாலும் எழுதித்தான் அனுப்புவான்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஆர்வோ பேச ஆரம்பித்தால் அவன் முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சொல்லை எடுத்துக் கொடுக்கவே கூடாது. அவனுக்குப் பள்ளியில் சிகிச்சை தந்த அம்மாள் முதல் நாளே மார்லிஸிடம் சொல்லியிருந்தாள்: “அவனுக்குச் சொல் தெரியாம இல்ல. வர நேரமாகுது, அவ்வளவுதான்.” குளித்துவிட்டு, துண்டை எடுத்துக் கொடு என்று அவன் சொல்லி முடிக்கும்வரை அப்பா துண்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்ற நாளும் உண்டு. லின்னியா அந்தச் சட்டத்தில்தான் வளர்ந்தாள். இந்தப் படிப்பின் மேல் அவளுக்கு இவ்வளவு பைத்தியம் பிடித்ததற்கும் அதுதான் காரணம்.

அதிலும் ‘ல’ என்ற எழுத்து அவனுக்குப் பரம எதிரி. “உனக்கு உலகத்துல வேற பேரே கிடைக்கலையா?” என்று அம்மாவிடம் இன்றும் சண்டை போடுவான். தங்கையை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. குட்டி, அவ்வளவுதான்.

லின்னியா படியேறிப் போய்ப் போனை அவன் முன் நீட்டினாள்.

“இதை வெச்சுக்கோ. அடிச்சா எடுத்துட்டு ஓடி வா.”

“கீ... கீழ வந்தா கட்டாயிடுமே, குட்டி.”

அதை அவள் யோசிக்கவே இல்லை. “அப்ப எனக்குக் குரல் குடு. நான் வர்றதுக்குள்ள நின்னுடுமோ?”

ஆர்வோ போனையே பார்த்தான். ஏதோ பாம்புக் குட்டியைக் கையில் கொடுத்துவிட்ட மாதிரி முகம் போயிற்று. பிறகு கோட்டுப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான்.

“நான் எடுக்கிறேன்.”

“நீயா?”

“ஏன்? போன வருஷம் எ... என்னைப் பத்தி அழுது அழுது எழுதினியே விண்ணப்பத்துல. என் திக்கல் பத்தாதுன்னு முக்கால்வாசிப் பேர் வேண்டாம்னுட்டாங்க. இந்த வருஷமாவது நா... நான் ஒழுங்கா வேலை பார்க்கிறேன்.”

“போடா.” அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாவுக் கையால் அவன் தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டு இறங்கினாள்.

அதன்பிறகு அவள் கை கொஞ்சம் ஒழுங்காக ஓடியது. ருட்டபாகா நறுக்கினாள், ஓரம் மடித்தாள், குத்து வைக்கும்போது வாய்விட்டு “வெங்காயம் இல்ல, வெங்காயம் இல்ல” என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். வில்மா அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள். மதியச் சாப்பாட்டு நேரம் போயிற்று. நல்ல செய்தி என்றால் காலையிலேயே வந்திருக்கும் என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. வராவிட்டால் மூன்றாவது வருடமும் விண்ணப்பிக்கத் தெம்பு இருக்குமா? இல்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது. இன்றோடு விட்டுவிடுவது என்று யாரிடமும் சொல்லாமல் முடிவெடுத்து வைத்திருந்தாள்.

அப்போதுதான் படியின் உச்சியில் கதவு திறந்தது.

குளிர்காற்று இறங்கி வந்தது. ஆர்வோ வாசற்படியில் நின்றான். கீழே வரவில்லை. ஒரு கை கதவைப் பிடித்திருந்தது, மறு கை போனை நெஞ்சோடு அழுத்தியிருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, வலது கால் தரையைத் தட்டியது. பெரிய சொல் ஒன்று தொண்டையில் மாட்டினால்தான் அந்தக் கால் அப்படித் தட்டும்.

அந்த முகத்தில் லின்னியா படித்தது ஒன்றே ஒன்றைத்தான்.

“இல்லன்னுட்டாங்களா?” என்று கத்திவிட்டாள்.

ஆர்வோ இல்லை என்று தலையை ஆட்டினான். கால் தட்டுவது நிற்கவில்லை.

“வெச்சுட்டாங்களா? நீ பேசறதுக்குள்ள வெச்சுட்டாங்களா? அதானே? சொல்லித் தொலையேன் ஆர்வோ!”

மார்லிஸ் மாவு தேய்க்கும் கட்டையை மேசைமேல் டமாரென்று வைத்தாள்.

“லின்னியா!”

அந்த ஒரு அதட்டலில்தான் அவளுக்குத் தான் செய்தது உறைத்தது. பிறந்ததிலிருந்து செய்யாததைச் செய்துவிட்டாள். சொல்லை எடுத்துக் கொடுத்தாள், அதையும் தப்பாகக் கொடுத்தாள், போதாக்குறைக்குத் தொலை என்று வேறு சொன்னாள். மேலே ஆர்வோவின் முகம் சிவந்து போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் சுற்றி நின்று “வாய்ல என்ன கொழுக்கட்டையா?” என்று கேட்ட காலத்து முகம். அதை அவனுக்குத் திரும்பக் கொண்டுவந்தது அவள்தான். சீட்டு போனால் போகட்டும் என்றே ஒரு கணம் தோன்றியது.

கத்தியைக் கீழே வைத்தாள். கையை மேலாடையில் துடைத்துக்கொண்டு, படியின் அடியில் போய் நின்றாள். அண்ணாந்து அவன் கண்ணைப் பார்த்தாள். மூச்சை விட்டாள். சின்ன வயதில் அவன் சொல்லி முடிப்பதற்காகச் சுவரில் கைவைத்துக்கொண்டு நிற்பாளே, அப்படியே நின்றாள். அடுப்பில் எதுவோ சீறியது. யாரும் திரும்பவில்லை.

“ல்... ல்...” ஆர்வோ கண்ணை மூடித் திறந்தான். “லின்னியா.”

மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ல்... லைன்ல இருக்காங்க. மேல வா.”

ஒரே பாய்ச்சலில் அவள் படியேறினாள். பின்னாலேயே அம்மா, வில்மா, மாவும் கையுமாக மற்ற பெண்கள் எல்லோரும் திமுதிமுவென்று ஏறிப் படி முழுக்க அடைத்துக்கொண்டு நின்றார்கள். லின்னியாவின் கையில் இன்னும் கொழுப்பு, போனைத் தொட முடியாது. ஆர்வோ ஸ்பீக்கரைத் தட்டிப் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

“ஹ... ஹலோ?” என்றாள் அவள்.

“லின்னியா நீமிதானே பேசறது? நான் டாக்டர் ப்ரிச்சர்ட், பல்கலைக்கழகத்துலேர்ந்து.” வயதான பெண் குரல், அவசரமே இல்லாத குரல். “உங்க அண்ணன்கிட்ட பேசிட்டிருந்தேன். பாஸ்டியில கேரட் போடலாமான்னு கேட்டேன். போடவே கூடாதுன்னு ரொம்பக் கண்டிப்பா சொல்லிட்டார்.”

“சரியாத்தான் சொல்லியிருக்கான்,” என்றாள் படியில் நின்ற வில்மா.

லின்னியா ஆர்வோவைப் பார்த்தாள். இவன் போனில் கேரட்டைப் பற்றிப் பேசினானா? அந்த அம்மாள் அவ்வளவும் இருந்து கேட்டாளா? ஆர்வோ எங்கோ பார்த்துக்கொண்டு காதைச் சொறிந்தான்.

“உங்களைக் கூப்பிட்டுட்டு வர்றதா சொன்னார். நான் காத்திருக்கேன்னேன்,” என்றது குரல். “விஷயம் இதுதான். எங்ககிட்ட ஒரு இடம் காலியாகியிருக்கு, லின்னியா. இன்னைக்கே நான் முடிவு பண்ணணும். உங்களுக்கு இன்னும் வேணுமா?”

லின்னியா வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை. இரண்டு வருடமாகக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்த பதில், பல் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்த பதில், தொண்டைக்குள் எங்கோ மாட்டிக்கொண்டது. கண்ணில் நீர் முட்டியது. மூச்சு இருக்கிறது, சொல் இருக்கிறது, இரண்டும் சேரவில்லை. அட கடவுளே, இத்தனை காலம் இவன் இதையா தினமும் தாங்கிக்கொண்டிருக்கிறான்?

வில்மாவுக்குப் பொறுக்கவில்லை. சீட்டு கைநழுவிப் போய்விடும் என்று பதறி, “வேணும்னு சொ—” என்று ஆரம்பித்தாள்.

ஆர்வோ கையைத் தூக்கினான். நடுரோட்டில் பனி வண்டிக்கு வழிவிடச் சொல்லி நிறுத்துவதுபோல் உள்ளங்கையை விரித்துப் படி முழுவதையும் நிறுத்தினான். வில்மாவை அப்படி நிறுத்தியவர்கள் அந்த ஊரில் அதுவரை கிடையாது.

“அ... அவளே சொல்லட்டும்.”

மார்லிஸ் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் சத்தமில்லாமல். போனிலிருந்து ஹலோ என்றோ, இருக்கிறீர்களா என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. அந்தப் பக்கம் இருப்பவள் காத்திருக்கத் தெரிந்தவள், நன்றாகவே தெரிந்தவள். கூரை விளிம்பில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஆர்வோ தங்கையின் கண்ணையே பார்த்துக்கொண்டு, போன் பிடித்த கையை அசைக்காமல் நின்றான். அவனுக்கு எந்த அவசரமும் இல்லை.

“வேணும்,” என்றாள் லின்னியா.

ஆர்வோ கையை இறக்கினான்.