நாலாவது படம்

கோடம்பாக்கத்தில் பாலுவின் வீட்டில் காலை ஏழு மணியானால், கீழ்வீட்டுத் தேவானை அக்கா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார். மாடியில் பாலுவின் மனைவி பொன்மணி தன் மகள் நிஷாவுக்குப் பல் தேய்த்துவிடும் நேரம் அது. நிஷாவுக்குப் பதினான்கு வயது. ஆட்டிசம் உள்ள பெண். பேச்சு அதிகம் கிடையாது. பிரஷ் ஈறில் பட்டால் அவளுக்குத் தாங்காது. பொன்மணி அவளைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் நாலு இழுப்பு இழுத்துவிடுவாள். முடிந்ததும் இரண்டு பேரும் அழுவார்கள்.

“ரெண்டு போடு போட்டா சரியாப்பூடும்” என்பது தேவானை அக்காவின் வைத்தியம். சொல்பவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது?

அப்பா பாலு டிவி தொடர்களில் உதவி இயக்குநர். அவன் பொறுப்பு கன்டினியூட்டி. காலையில் எடுத்த காட்சியில் கதாநாயகி சிவப்பு வளையல் போட்டிருந்தால், சாயங்காலம் அதன் தொடர்ச்சியை எடுக்கும்போதும் அதே வளையல் கையில் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அதில் அவன் புலி. ஒரு மூக்குத்தி இடம் மாறியதற்காக மொத்தப் படப்பிடிப்பையும் நிறுத்தியவன் என்று அவனைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஆனால் மகளுக்குப் பல் தேய்க்கிற விஷயத்தை மட்டும் பொன்மணியின் இலாகா என்று ஒதுங்கிவிடுவான்.

நிஷா சாப்பிடாமல் கன்னத்தில் அடித்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் தி.நகரில் பல் டாக்டர் வஜீஹாவிடம் போனார்கள். கடைவாய்ப் பல் இரண்டில் சொத்தை விழுந்திருந்தது. டாக்டர் மருந்து தடவிவிட்டு, ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். பல் ஒழுங்காகத் தேய்க்காமல் சொத்தை ஆழமானால், மயக்க மருந்து கொடுத்துத்தான் பல்லை எடுக்க வேண்டிவரும். மயக்க மருந்து என்றதுமே பொன்மணி வேண்டவே வேண்டாம் என்றாள். வலி எங்கே என்று சொல்லவே தெரியாத பெண், கண் விழித்ததும் என்ன சொல்வாள்?

டாக்டர் ஒரு செல்போன் செயலியைக் காட்டினார். பல் தேய்ப்பதை ஒவ்வொரு படியாகப் படம் எடுத்து அதில் போட வேண்டும். ஒரு படி முடிந்ததும் படத்தைத் தொட்டால் ஒரு நட்சத்திரம் வரும். அடுத்த படமும் வரும். எந்த நாள் எத்தனை படி நடந்தது என்று அதுவே குறித்து வைக்கும்.

“அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்சா பயம் குறையும்மா. பிரஷ்ஷை அவ கையிலயே கொடுங்க. நம்ம வாய்க்குள்ள இன்னொருத்தர் கையை விட்டா நமக்கே பிடிக்குமா?” என்றார் டாக்டர்.

படம் எடுப்பது என்றால் பாலுவுக்குச் சொல்ல வேண்டுமா? மறுநாளே பொன்மணியை வாஷ்பேசின் முன்னால் நிறுத்தி எடுக்க ஆரம்பித்தான். மொத்தம் எட்டுப் படம். மூன்று எடுத்ததும் ஷூட்டிங்கிலிருந்து போன் வந்துவிட்டது. மீதி ஐந்தைச் சாயங்காலம் வந்து எடுத்துச் சேர்த்தான்.

முதல் நாள் அதிசயமாகத்தான் இருந்தது. நிஷா கண்ணாடி ஓரம் சாய்த்து வைத்த போனைப் பார்த்தாள். தானே பிரஷ்ஷை எடுத்து நனைத்தாள், பேஸ்ட் வைத்தாள், முன்பல்லைத் தேய்த்தாள். ஒரு சத்தம் இல்லை. நாலாவது படம் வந்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று சமையலறைப் பக்கம் நடந்தாள். பொன்மணி வாசலிலேயே பிடித்து இழுத்து வந்தாள். நிஷா தன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டாள். அத்தோடு அன்றைய பாடு முடிந்தது.

மறுநாளும் அதேதான். பன்னிரண்டு நாள் ஆகியும் தினம் மூன்று நட்சத்திரம்தான் விழுந்திருந்தது. போனையும் வேண்டாம், படத்தையும் வேண்டாம், பழையபடி தாடையைப் பிடித்தே தேய்த்துவிடுகிறேன் என்றாள் பொன்மணி. டாக்டர் சொன்ன கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

பாலுவுக்கோ அந்தக் கணக்கைப் பார்க்கப் பார்க்க மனசு குடைந்தது. பிடிக்கவில்லை என்றால் ஒரு நாள் இரண்டாவதில் நிற்கலாம், ஒரு நாள் ஆறாவதில் நிற்கலாம். தினமும் நாலாவதிலேயே எப்படி நிற்கும்? பேஸ்ட் எரிகிறதோ என்று மாற்றிப் பார்த்தான். நட்சத்திரம் விழும்போது வரும் மணிச் சத்தத்தை நிறுத்திப் பார்த்தான். நாலாவது நாலாவதாகவே இருந்தது.

ஒருநாள் மழையால் படப்பிடிப்பு ரத்தாகி, ஏழு மணிக்கு அவன் வீட்டில் இருந்தான்.

“இன்னிக்கு அவள மறிக்காத. எங்கதான் போறான்னு பாப்போம்” என்றான்.

“உட்டா திரும்பி வர மாட்டாய்யா.”

“வராட்டி போவுது. ஒரு நாள்தானே?”

நாலாவது படம் வந்தது. நிஷா பிரஷ்ஷை வைத்துவிட்டு நடந்தாள். பொன்மணியின் கை தானாக நீண்டது. பாலு அதைப் பிடித்துக்கொண்டான். நிஷா சமையலறைக்குள் போய், எக்கி, அலமாரியிலிருந்து விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். நேராகத் திரும்பி வந்தாள். வாஷ்பேசின் மேலிருந்த பச்சை பிளாஸ்டிக் மக்கைத் தரையில் இறக்கினாள். அந்த இடத்தில் டம்ளரை வைத்தாள். போனைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், கொஞ்சம் தள்ளி வைத்தாள். பிறகு பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

பாலு எட்டி போனைப் பார்த்தான். காலையில் எடுத்த மூன்று படத்திலும் வாஷ்பேசின் மேல் பச்சை மக் இருந்தது. சாயங்காலம் எடுத்ததில் நசுங்கிய டம்ளர் இருந்தது. அன்றைக்குப் பொன்மணி துணி அலச மக்கை எடுத்துப் போயிருந்தாள். ஊராரின் வளையலையும் மூக்குத்தியையும் எண்ணிக்கொண்டிருந்தவன் சொந்த வீட்டில் கோட்டை விட்டிருந்தான். மகள் முதல் நாளே கண்டுபிடித்து, அதைச் சரிசெய்யத்தான் தினமும் கிளம்பியிருக்கிறாள்.

எட்டு நட்சத்திரமும் விழுந்தன. பொன்மணி நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவ ஓடலய்யா. இத்தினி நாளா நாந்தான் இழுத்துக்கினு இருந்தேன்” என்று அழுதாள்.

“தப்பு என்னுது. கண்டுபுடிச்சது அவ” என்றான் பாலு. எட்டுப் படத்தையும் மக்கோடு திரும்ப எடுத்துவிடலாமா என்று கேட்டான். பொன்மணி கூடவே கூடாது என்றுவிட்டாள். அன்றிலிருந்து அந்த நசுங்கிய டம்ளர் நிஷாவுடையது.

மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போனபோது, சொத்தை அதற்கு மேல் பரவவில்லை, மயக்க மருந்துக்கு இப்போது அவசியமில்லை என்றார் டாக்டர் வஜீஹா. பொன்மணி வெளியே வந்து படிக்கட்டில் நின்று மூச்சு விட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தேவானை அக்கா மேலே வந்தார். “இன்னாடி, சத்தமே இல்ல? புள்ள ஊர்ல இல்லியா?” என்றார். பாலு அவருக்குக் காபி கொடுத்தான். கொடுத்தது எந்த டம்ளரில் என்று அவன் கவனிக்கவில்லை, கன்டினியூட்டிக்காரர் அல்லவா!

பல் தேய்ப்பதில் நாலாவது படம் வந்ததும் சமையலறைக்குள் போன நிஷா, வெறுங்கையோடு வெளியே வந்து நேராக அக்காவை நோக்கி நடந்தாள்.

“ஏ, புள்ள ஓடியாருது, புடி” என்றார் தேவானை அக்கா.

“புடிக்காதக்கா” என்றாள் பொன்மணி. “அடம் அடம்னு சொல்லி நானும் புடிச்சு இழுத்தவதான். வாயில சொல்லத் தெரியாத புள்ளைக்கும் ஒரு காரணம் கீது. மறிச்சா அது நமக்குத் தெரியவே தெரியாது. வழிய உட்டு, பின்னால போய்ப் பாக்கணும்.”

நிஷா அக்காவின் எதிரில் நின்று, அவர் கையிலிருந்த நசுங்கிய டம்ளரையே பார்த்தாள். தேவானை அக்கா நிஷாவையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவ எழுந்தார்.