காப்புக் கட்டின கை

அக்கா, நான்தான், ரஜ்னீதா. சத்தமா பேசாத. அம்மா இப்பதான் கண்ண மூடினாங்க. நான் சமையல்கட்டுல தரையில உக்காந்து, போன மடியில வெச்சுக்கிட்டுப் பேசறேன்.

இல்லக்கா, யாருக்கும் அடி கிடி படல. ஆனா அப்பா எங்ககூட ப்ளேன் ஏறமாட்டாரு போலருக்கு.  நாளன்னைக்கு உங்க ஊருக்கு ஃப்ளைட்டு, அவரு கையில காப்பு இன்னும் அப்படியே இருக்கு.

ஆமா, அந்தக் காப்புதான். ஆட்சியக் கவுத்துட்டு நம்ம இந்தியக்காரங்க கடையெல்லாம் கொளுத்தின அன்னைக்கு அம்மாவும் நானும் டவுன்ல மாட்டிக்கிட்டோம்ல. நாங்க உசிரோட வீடு வந்து சேந்தா தீ மிதிக்கறேன்னு வேண்டிக்கிட்டாரு. கோயில்ல நாள் குறிச்சாங்க, ஃப்ளைட்டுக்கு முன்னாடிதான். நல்லதாப் போச்சுன்னு மஞ்சக் கயித்தக் கட்டிக்கிட்டு வந்துட்டாரு. அப்புறம் பாத்தா கர்ஃப்யூ, கூட்டம் கூடக்கூடாதுன்னு தீமிதியத் தள்ளி வெச்சுட்டாங்க. இப்ப நாங்க கெளம்பின பிறகுதான் தீமிதி. வேற சீட்டும் கெடைக்கல, ஊரே கெளம்பிக்கிட்டிருக்கு.

காப்புக் கட்டினவங்க தீ மிதிக்காம ஊர் எல்லை தாண்டக்கூடாதுல்ல. கடல் தாண்டறது எப்படி? அம்மா அழுது, சண்டை போட்டு, சாப்பிடாம கெடந்து, ஒருவழியா இன்னைக்குக் காலையில அப்பா சரின்னாரு. "புக் பண்ணின டிக்கெட்ட வாங்கிட்டு வந்து, பூசாரிகிட்ட கேட்டு அவிழ்த்துக்கறேன்"னாரு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நானும் வரேன்னு கூடவே போனேன்.

டிக்கெட்டு வாங்கியாச்சு. திரும்பி வரப்ப ரோட்ட அடைச்சு வெச்சிருந்தாங்க, டயர் எரியுது. "தர்ஸ்டன் கார்டன் வழியா போயிடலாம் வா"ன்னாரு அப்பா.

உனக்கு அந்தக் கார்டன் ஞாபகம் இருக்குல்ல? ஒரு ஆளு இல்லக்கா. ஞாயித்துக்கிழமை போலீஸ் பேண்டு வாசிப்பாங்களே, அந்த மேடை மேல ஒரே எலை. மணிக்கூண்டு பக்கத்துல வறுத்த பட்டாணி விப்பாரே ஒருத்தரு, அவரும் இல்ல. அந்தப் பெரிய ஆலமரம் மட்டும் அப்படியே நிக்குது. அதோட வேருக்குள்ள நான் ஒளிஞ்சுக்குவேன். அப்பா வேணும்னே உன்னப் பாத்து, "ரஜ்னியக் காணோமே! சரி ப்ரேமிலா, நாம போலாம்"னு சொல்லிட்டு நடக்க ஆரம்பிப்பாரு. நெஜமாவே விட்டுட்டுப் போறாருன்னு நான் கத்திக்கிட்டு ஓடி வருவேன். நீ விழுந்து விழுந்து சிரிப்ப, பிசாசு.

இன்னைக்கு அந்த மரத்துக்கிட்ட வந்ததும் அப்பா லேசா சிரிச்சாரு. "என்னடா, ஒளிஞ்சுக்கறியா?"ன்னாரு. எனக்குச் சிரிப்பே வரல.

அப்பதான் மரத்துக்குப் பின்னாடிலேர்ந்து வந்தானுங்க. இந்தத் தீவே எங்களுதுன்னு சொல்ற கைவித்திப் பசங்க, ஒரு அஞ்சாறு பேரு. ஒருத்தன் கையில கரும்பு வெட்டற கத்தி. நம்மாளுங்க பேசற இந்தியிலயே கேட்டான், "என்ன பாபு, எங்க ஓடற? ஆஸ்திரேலியாவா, நியூசிலாந்தா?"

இன்னொருத்தன், "ரெண்டு எடத்துலயும் குளிரு, போர்வை எடுத்துக்கிட்டியா?"ன்னான். எல்லாரும் சிரிச்சானுங்க.

அப்பா என்னைப் பின்னாடி தள்ளி நிறுத்திக்கிட்டாரு. பையப் புடுங்கிட்டானுங்க. டிக்கெட்டு, பாஸ்போர்ட்டு எல்லாம் அதுலதான். நான் அப்பா சட்டையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். 

கத்திக்காரன் அப்பா கையப் புடிச்சான். "இது என்னடா மந்திரம்?"னு கத்தி முனையக் காப்புக்கு அடியில விட்டான்.

அக்கா, ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாத. அந்த நேரத்துல, வெட்டட்டும்னு நெனச்சேன். வெட்டிட்டா முடிஞ்சுது, அது அப்பா தப்பு இல்ல, அவரு வந்துடுவாருன்னு. அவ்வளவு பயத்துலயும் அதுதான் தோணுச்சு.

ஆனா வெட்டல. அவனுங்களுக்குப் பின்னாடிலேர்ந்து ஒரு பெரியவரு, சுலுன்னு அவங்க வேட்டி கட்டினவரு, ஒரு சத்தம் போட்டாரு. "தொடாத, அது தம்பு!" அவங்க பாஷையில விரதம், விலக்குன்னு அர்த்தம். அந்தப் பையன் நெருப்பத் தொட்ட மாதிரி கைய எடுத்துட்டான்.

அவரு கிட்ட வந்து அப்பாவக் கேட்டாரு, "தீயில நடக்கப் போறியா?"

அப்பா தலையாட்டினாரு.

"நான் பெங்கா தீவு. எங்க அப்பாவும் சுட்ட கல்லு மேல நடந்தவரு. அதுக்கு முன்னாடி நாங்க தேங்காகூடத் தொடமாட்டோம். நீ எப்ப நடக்கற?"

"தள்ளிப் போச்சு. அதுக்குள்ள ப்ளேன் ஏறணும்."

அவரு மூஞ்சியே மாறிடுச்சுக்கா. "இதோட கடல் தாண்டறதா? வேண்டாம். எங்க ஊருல ஒருத்தன் பாதியில விட்டுட்டுப் போனான். அதுக்கப்புறம் அவன் குடும்பத்துல ஒண்ணும் விளங்கல"ன்னாரு. பைய வாங்கி அப்பா கையிலயே குடுத்தாரு. ரோடு வரைக்கும் கூடவே நடந்து வந்து விட்டுட்டுப் போனாரு.

அவராலதான் நாங்க பொழச்சோம். ஆனா அவரு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கக்கூடாதா?

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாகிட்ட சொன்னது இதுதான்: "பாத்தியா சுஷீலா, இந்தக் காப்புதான் புள்ளையக் காப்பாத்திச்சு. இத எப்படி அவுப்பேன்? நீங்க போங்க, நான் பின்னாடியே வரேன்." அம்மா ஒரு தட்ட எடுத்துச் செவுத்துல அடிச்சாங்க. 

பின்னாடியே வரேன்னா என்ன அர்த்தம்? ஏர்போர்ட்ட மூடிட்டா? திருப்பி அந்தப் பசங்க வந்தா, அந்தப் பெரியவரு அங்க நிப்பாரா?

கொஞ்ச நேரம் முன்னாடி அம்மாவோட தையல் கத்திரிய எடுத்துக்கிட்டு கூடத்துக்குப் போனேன். விரதம்னு அப்பா பாய்லதான் படுத்திருக்காரு. மெதுவா கயித்துக்கு அடியில கத்திரிய விட்டேன். பாத்தா கண்ணத் தொறந்துதான் இருக்காரு. கைய இழுக்கல. இன்னும் வசதியா நீட்டிக் குடுக்கறாரு! "உனக்கு அவ்வளவு பயமா இருந்தா வெட்டிடுடா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்"னாரு. சொல்லிட்டுக் கண்ண இறுக்க மூடிக்கிட்டாரு அக்கா. அவருக்கும் பயம்தான்.

என்னால முடியல. வெட்டிட்டு, ப்ளேன் ஏறி, நடுக்கடல் மேல போறப்ப ஏதாவது ஆச்சுன்னா? அந்தப் பெரியவரு சொன்னது காதுலயே இருக்கு. கத்திரி இப்ப என் பக்கத்துலதான் கெடக்கு.

அழாதக்கா. நீயும் அழுதா நான் யாருகிட்ட பேசறது? அத்தான்கிட்ட சொல்லிடு, ஏர்போர்ட்டுக்குப் பெரிய வண்டி வேண்டாம். அம்மாவும் நானும்தான்.

இரு, இரு. அப்பா எழுந்துட்டாரு. என் படுக்கையத் தடவிப் பாக்கறாரு.

"ரஜ்னி? ரஜ்னியக் காணோமே"ங்கறாரு, மெதுவா.

நான் வாயத் தொறக்கல. கொஞ்ச நேரம் தேடட்டும்.