பொன்னுருக்கலுக்குப் பின் ஓர் ஆட்டம்

மொன்றியல் ரெனார்ஸ் அணி தோற்கும் என்ற நம்பிக்கையில்தான் சாம்பவியின் கல்யாணத்துக்கு நாள் வைத்தார்கள்.

இப்போது கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பங்குனி மாதம், பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர்களுடைய மூன்றாம் மாடி வீட்டில், பஞ்சாங்கத்தை மடியில் விரித்துக்கொண்டு அம்மாவின் அண்ணன் அருமைராசா மாமா சொன்னதை அவள் மறக்கவில்லை. ஐப்பசியில் நல்ல ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருக்கிறது, மண்டபமும் கிடைக்கிறது என்றார்.

"அதுக்கு முதல் நாள் எங்களுக்கு மட்ச் மாமா. சீசன்ர கடைசி மட்ச்," என்றாள் சாம்பவி.

மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "பிள்ளை, ஐப்பசி வரேக்க உன்ர ஆக்கள் எப்பவோ படுத்திருப்பாங்கள். அந்த மட்சுக்குச் சனம் வருமோ தெரியாது. நீ லீவு போட்டிட்டு வீட்டில இரு."

மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து சிரித்தார்கள். "நாங்கள் பிளேஓஃபுக்குப் போவம், கிண்ணத்துக்கு விளையாடுவம்," என்றாள் அவள். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் கனேடியக் கால்பந்து அணி அது; சாம்பவி அதன் சிகிச்சையாளர்களில் ஒருத்தி. ஆட்டத்துக்கு முன் வீரர்களின் கணுக்கால்களுக்குப் பட்டி சுற்றுவது, விழுந்தவனை எழுப்புவது, எழும்ப முடியாதவனைத் தூக்க ஆள் கூப்பிடுவது எல்லாம் அவள் வேலை. அவள் சேர்ந்த வருடம்தான் அணி தன் பெரிய பெயர்களையெல்லாம் விற்றுவிட்டு, இருபத்திரண்டு வயதுப் பொடியன்களை வைத்துப் புதிதாகக் கட்டத் தொடங்கியது. முதல் வருடம் இரண்டே வெற்றி. அடுத்த வருடம் நான்கு. பத்திரிகைக்காரர்கள் 'மீள்கட்டுமானம்' என்று எழுதியதை அருமைராசா மாமா 'இடிச்ச வீடு' என்று சுருக்கிக்கொண்டார். கோயிலில், பிறந்தநாள் வீட்டில், எங்கே கண்டாலும் "என்ன பிள்ளை, இடிச்ச வீடு எழும்பீற்றுதோ?" என்பார்.

இந்த வருடம் எழும்பியது. ஆவணியில் தொடர்ந்து ஐந்து ஆட்டம் வென்றார்கள். பிறகு ஷாவியே என்ற அந்தச் சின்னக் குவாட்டர்பேக், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன், கணுக்கால் பிரண்டு இரண்டு வாரம் ஆடாமல் இருந்தான், அணி தடுமாறியது. கடைசியில் எல்லாம் ஓர் ஆட்டத்தில் வந்து நின்றது. கல்யாணத்துக்கு முதல்நாளான அந்தச் சனிக்கிழமை வென்றால் பிளேஓஃப். தோற்றால் வீடு.

புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கினார்கள். தாலிக்கான பொன் உருகிவிட்டால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது, தாலி ஏறும்வரை வாசல் தாண்டக்கூடாது. முள்முருக்குக் கிடைக்காத ஊரில் ஒரு மேப்பிள் கொப்பை வாளி மண்ணில் கன்னிக்காலாக நட்டு, மஞ்சள் நீர் தெளித்து, பல்கனியில் வைத்திருந்தார்கள்.

வியாழன் பின்னேரம் குசினியில் அம்மா ஜெகதீஸ்வரி பயத்தம்பணியாரத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். மாமா தேத்தண்ணியோடு மேசையில் இருந்தார். சாம்பவி கைகளில் மருதாணி காயக் காய வந்து நின்றாள்.

"அம்மா, நான் சனிக்கிழமை வேலைக்குப் போறன்."

அம்மாவின் கை மாவுக்குள் நின்றது. மாமாதான் முதலில் வாய் திறந்தார்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? பொன்னுருக்கியாச்சு."

"தெரியும் மாமா."

"உன்னை வரச்சொல்லிக் கேட்டவங்களோ?"

"இல்லை. வராதை, கலியாணத்தைப் பார் எண்டுதான் எங்கட பெரிய கோச் சொன்னவர். வேற ரெண்டு பேர் இருக்கினம்."

"பாத்தியே ஜெகா! அவங்களே வேண்டாம் எண்டுறாங்கள். உவள் என்னத்துக்குத் துள்ளுறாள்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடினமாயிருக்கும் என்று சாம்பவி முதலில் நினைத்திருந்தாள். கேட்டதும் அது தானாக வந்தது.

"ரெண்டு வருசம் தோக்கேக்க அவங்களோட நிண்டனான் மாமா. மழைக்குள்ள, குளிருக்குள்ள, சனம் போத்தல் எறியேக்க நிண்டனான். வெல்லப்போற அண்டைக்கு நான் வீட்டில மருதாணியைப் பாத்துக்கொண்டு இருக்கவோ? என்னை ஒருத்தரும் கேக்கத் தேவையில்லை. எனக்குப் போகவேணும், நான் போறன்."

"வெல்லப்போகினமாம்," என்றார் மாமா. "ரேடியோவில ஒருத்தனும் அப்பிடிச் சொல்லேல்லை."

"ரேடியோக்காரன் ஐப்பசிக்குள்ள படுத்திடுவாங்கள் எண்டும் சொன்னவன். நீங்கள் சொன்ன மாதிரியே."

மாமா தேத்தண்ணியைக் குடித்தார். அம்மா மகளைப் பார்க்காமலே, "சனம் என்ன கதைக்கும்?" என்றாள். குரல் மெதுவாக இருந்ததுதான் சாம்பவியை இன்னும் சுட்டது. சண்டை பிடித்தால் திருப்பிப் பிடிக்கலாம்.

"கதைக்கட்டும் அம்மா. இவ்வளவு காலமும் சிரிச்சதுகள், இனிக் கதைக்கட்டும்."

அன்றிரவு மாப்பிள்ளை ஆரூரன் தொலைபேசியில் வந்தான். பார்க்கத்தான் தடை, கதைக்கத் தடையில்லை. டவுன்டவுனில் ஒரு பொறியியல் கம்பனியில் வேலை அவனுக்கு. ஆனால் அவளுக்கு அவன் அறிமுகமானது வீரர்கள் உட்காரும் வாங்குக்குப் பின்னாலிருந்த கதிரை வரிசையில். தோற்ற முதல் வருடம், காலியாகிப்போன அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "அடேய், கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடியாமல் இறுக்கிப் பிடியடா!" என்று யாழ்ப்பாணத் தமிழில் கத்தியது. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அடுத்த ஆட்டத்துக்கும் அதற்கடுத்ததற்கும் அந்தக் குரல் வந்தது. அணி தோற்கத் தோற்க அவர்கள் நெருங்கினார்கள்.

ஆகவே அவன் சொன்னதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஒரு மட்ச் தானே சாம்பவி. அம்மா கேள்விப்பட்டு அழுறா. நீர் கொஞ்சம் விட்டுக்குடுக்கலாமே?"

அவள் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"நீங்களோ இதைச் சொல்லுறியள்? தோத்த ஒரு மட்சும் விடாமல் வந்த மனுசனோ?"

"நான் எனக்காகச் சொல்லேல்லையப்பா…"

"அப்ப ஆருக்காகவும் சொல்லாதையுங்கோ. இஞ்ச பாருங்கோ, உங்களைப் பாக்கக்கூடாது எண்டால் நான் பாக்கேல்லை. பிறத்தால திரும்பவே மாட்டன். ஆனால் என்ர வேலையை இண்டைக்கு விட்டுக்குடுத்தால், கலியாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆரோ அழுவினம். அப்பவும் நீங்கள் இதைத்தான் சொல்லுவியள். அப்பிடியெண்டால் இப்பவே சொல்லுங்கோ."

மறுமுனையில் அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"நீர் போம்," என்றான் கடைசியில். "அம்மாவோட நான் கதைக்கிறன். முதலே கதைச்சிருக்கவேணும்." பிறகு, பழைய குரலில், "எனக்கும் டிக்கற் இருக்கு. வீணாக்கேலாது," என்றான்.

"எனக்குப் பின்வரிசைக்கு வரக்கூடாது!"

"வரமாட்டன். மைதானத்தின்ர மற்றத் தொங்கலில நிப்பன்."

சனிக்கிழமை காலையில் அம்மா வாசல் கதவை மறித்து நின்றாள். சாம்பவி அணியின் சிவப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எதிரே நின்றாள். யார் முதலில் விலகுவது என்று இருவருமே காத்திருந்தார்கள். அம்மா விலகவில்லை, கையை நீட்டி மகளின் ஜாக்கெட் பையைத் திறந்து ஓர் எலுமிச்சம்பழத்தை உள்ளே தள்ளினாள்.

"கண்ணூறு படும். எடுத்து எறிஞ்சுபோடாதை," என்றாள். "நான் போகச்சொல்லேல்லை. விளங்குதோ? நான் போகச்சொல்லேல்லை." அதன்பிறகுதான் கதவை விட்டு நகர்ந்தாள்.

மலைச்சரிவில் இருக்கும் மைதானத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. உடைமாற்றும் அறையில் ஷாவியே அவளைக் கண்டதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, பிரெஞ்சில், "நாளைக்குக் கல்யாணம் என்றார்களே!" என்றான். "நாளைக்குத்தானே," என்றாள் அவள். மருதாணிக் கைகளால் அவன் கணுக்காலைச் சுற்றி வெள்ளைப் பட்டியை இழுத்து இழுத்து ஒட்டினாள். மற்ற வீரர்களும் அந்தக் கைகளைப் பார்க்க வந்தார்கள். தடுப்பாட்டக்காரன் ஒருவன், மலை மாதிரி ஆள், தனக்கும் அவளே சுற்றவேண்டும், அந்தப் பூ அதிர்ஷ்டம் என்றான். அவன் பின்னால் ஒரு வரிசையே நின்றது. மற்ற இரண்டு சிகிச்சையாளர்களும் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

ஆட்டம் அழகாக இருக்கவில்லை. பந்து சோப்புக்கட்டி போல வழுக்கியது. முதல் பாதியில் ரெனார்ஸ் பத்துப் புள்ளிகள் பின்னால் போனது. சனம் ஊளையிட்டது. சாம்பவி பின்னால் திரும்பவில்லை. அங்கே அவன் இல்லை என்று தெரிந்தும் திரும்பவில்லை.

மூன்றாம் கால் பகுதியில் ஷாவியே எறிந்த பந்தை ஒருவன் எல்லைக்கோட்டுக்குள் பிடித்தான், ஏழு புள்ளி ஏறி மூன்று புள்ளிதான் வித்தியாசம் என்றாகியது. அப்போது மைதானம் முழுவதும் சிரிப்புக் கிளம்பியது. அவள் பெரிய திரையை நிமிர்ந்து பார்த்தாள். மற்றத் தொங்கலில், எதிர்க்கோடியில், சிவப்புச் சால்வையைக் கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஒருவன் குதித்துக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்தவர் நடப்பதையெல்லாம் அவன் காதில் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். அவனுக்கு முன்னாலிருந்த வரிசையே திரும்பி நின்று அவனுக்குக் கை தட்டியது.

அது ஆரூரன் என்று சாம்பவிக்குத் தெரிந்தது. உடனே தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணையும் மூக்கையும் மறைத்திருந்தான். வாய் மட்டும்தான் தெரிந்தது. வாயைப் பார்த்தால் ஆளைப் பார்த்ததாகாது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொன்னாள். விசர் மனுசன் என்று வாய்க்குள் சொன்னாள்.

கடைசி நிமிடத்தில் ரெனார்ஸ் இன்னும் மூன்று புள்ளி பின்னால். எல்லைக்கோடு ஐந்து கஜ தூரத்தில். ஷாவியே நொண்டிக்கொண்டு ஓரத்துக்கு வந்தான். பட்டி நனைந்து தளர்ந்திருந்தது. பெரிய கோச், "மாற்று ஆளை இறக்குவோமா?" என்று கேட்டார். அவளைத்தான் கேட்டார். அவள் அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வீக்கம் இல்லை. வலி இருந்தது.

"நிக்க ஏலும்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு பிரெஞ்சில் சொன்னாள். மண்டியிட்டுப் புதுப் பட்டியைச் சுற்றினாள்.

எறிவான் என்று எல்லோரும் காத்திருக்க, ஷாவியே பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தானே ஓடினான். மூன்று பேர் மேலே விழுந்தார்கள். நடுவர் அந்தக் குவியலை ஒவ்வொருவராகக் கிளறி எடுத்துக் கடைசியில் இரண்டு கையையும் உயர்த்தினார். பந்து கோட்டுக்கு உள்ளே கிடந்தது.

அவளை யாரோ தூக்கினார்கள். அந்த மலை மாதிரி ஆளாக இருக்கவேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் மெற்றோவில் செய்தியைப் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை ஹமில்டனில் அரையிறுதி. அங்கே இந்தப் பொடியன்களை நசுக்கிவிடுவார்கள் என்று அதே பத்திரிகைக்காரர்கள் அதற்குள் எழுதிவிட்டிருந்தார்கள். சாம்பவி வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

அம்மா கதவைத் திறந்ததும், "நேராப் போய்த் தலையில தண்ணி வார்," என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தொட்டுப் பார்த்தால் தொலைக்காட்சி இன்னும் சூடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாலி ஏறியது. முகத்திரை விலகியபோது ஆரூரன் அவளை நேராகப் பார்த்து, "வணக்கம்," என்றான் புதிதாகச் சந்திப்பவன் போல. ஐயரே சிரித்துவிட்டார்.

சாப்பாட்டுக்கு முன் அருமைராசா மாமா மைக்கைப் பிடித்தார். வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். பிறகு, "நாலாஞ்சடங்கு வாற சனிக்கிழமை என்ர வீட்டில. ஆட்டுக்கறி. எல்லாரும் வந்திடவேணும்," என்றார்.

சாம்பவி மணவறையிலிருந்து எழுந்தாள். கூறைச்சேலை சரசரத்தது.

"மாமா, சனிக்கிழமை நான் ஹமில்டனில நிப்பன்."

மாமா மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே, "இனியும் என்ன பிள்ளை? சடங்கெண்டு ஒண்டு இருக்கெல்லோ?" என்றார்.

"அதுதான் மாமா. ஞாயிற்றுக்கிழமை கலியாணம். நாலாம் நாள் புதன்கிழமை. நாலாஞ்சடங்கு எப்பிடிச் சனிக்கிழமை வந்தது?"

"சனத்துக்கு வேலை…" என்று தொடங்கினார் மாமா.

"எனக்கும் வேலைதான்," என்றாள் சாம்பவி.

முன்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அம்மா ஜெகதீஸ்வரி பட்டுச்சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து அண்ணனின் பக்கத்தில் போய் நின்றாள். மைக்கை வாங்கவில்லை. அது இல்லாமலே அவள் குரல் கடைசி வரிசைவரை போனது.

"புதன்கிழமை பின்னேரம் வையுங்கோ அண்ணை. பிள்ளையள் வெள்ளிக்கிழமை வெளிக்கிடவேணும்."

"பிள்ளையளோ?" என்றார் மாமா.

"ரெண்டு பேரும்," என்றான் ஆரூரன்.