ஈனாக் எழுதாத கட்டுரை

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நெசவாலைகளில் ஈனாக் சட்கிளிஃபைத் தெரியாதவர்கள் இல்லை. தறியை விட்டுவிட்டு அச்சகம் வைத்து, ஒரு பத்திரிகையும் நடத்தியவர். கடவுளை நம்பாதவனுக்கும் ஓட்டு வேண்டும், கோர்ட்டில் மரியாதை வேண்டும் என்று இருபது வருடம் சந்தைமுனையில் பேசிக் கல்லடி பட்டவர். பைபிளைத் தொடாமல் வெறும் உறுதிமொழி சொல்லிச் சாட்சி சொல்லும் உரிமைக்காக அவர் ஊர் ஊராக அலைந்தபோது, கூடவே அலைந்தவன் ஜேபஸ் மிட்ஜ்லி.

ஒரு குளிர்காலத்தில் ஈனாக் நெஞ்சுச் சளியோடு படுத்துவிட்டார். பத்திரிகையை ஜேபஸ்தான் நடத்தினான். பைபிளில் வரும் நோவாவின் கப்பலைக் கேலி செய்து, பெயர் போடாமல் ஒரு கட்டுரை எழுதினான். தெய்வ நிந்தனை வழக்கு வந்தது. போலீஸிடம் "பத்திரிகை என்னோடது" என்று மட்டும் சொன்னார் ஈனாக். ஜேபஸுக்கு ஐந்து குழந்தைகள்.

வழக்கு நாளில் அரசுத் தரப்புச் சாட்சியாக ஜேபஸே வந்து நின்றான். சத்தியம் செய்யப் பைபிளை வாங்கி முத்தமிட்டான்.

"எழுதினது யாரு?" என்றார் அரசு வக்கீல்.

"சட்கிளிஃப்தாங்க. வேண்டாம்னு நான் எவ்வளவோ சொன்னேன்."

வக்கீல் வைக்காத ஈனாக் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். "ஜேபஸ், என் மூஞ்சியைப் பாத்து சொல்லு."

அவன் நீதிபதியைப் பார்த்தான்.

"வேற கேள்வி இல்லைங்க" என்று ஈனாக் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது மாதம் சிறை.

மனைவி சில்லா சிறைக்கு வந்தபோது கொதித்துப்போயிருந்தாள். "அந்தக் கட்டுரையை அவன் கைப்பட எழுதின தாள் அச்சகத்துலயே கிடந்துச்சு. கொண்டுபோய்க் குடுக்கட்டுமா?"

"வேண்டாம்."

"அவன் நகரசபைத் தேர்தல்ல நிக்கறான், தெரியுமா? ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறான். நீங்க இங்க கைதி வேலையாக் கயிறு பிரிச்சுக்கிட்டு இருங்க!"

"எழுதினதுக்காக ஒருத்தனை உள்ள போடக்கூடாதுன்னுதானே, சில்லா, இத்தனை வருஷம் கத்தினேன்? இப்ப நானே அவனைப் பிடிச்சுக் குடுத்தா?"

"அப்ப நாம என்ன முட்டாளா?"

ஈனாக், கயிறு பிரித்து நகம் பெயர்ந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதலையான அன்று வாசலில் சில்லாவும் நான்கு நெசவாளிகளும் மட்டுமே நின்றார்கள். ஊருக்குத் திரும்பியதும் சந்தை வழியாக நடந்தார்கள். எதிரே, இப்போது நகரசபை உறுப்பினராகிவிட்ட ஜேபஸ் மிட்ஜ்லி. புதிய தொப்பியைக் கழற்றி, "சௌக்கியமா ஈனாக்?" என்றான்.

பழக்கத்தில் ஈனாக்கின் கையும் பதில் மரியாதைக்குத் தன் தொப்பிக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தொப்பிக்குக் கை தூக்கிட்டேன் சில்லா" என்றார். "அவனுக்குப் போய்க் கையைத் தூக்கிட்டேன்." ஒன்பது மாதமும் அழாதவர் அப்போதுதான் அழுதார்.