தலைச்சோலை வண்டியின் பின் கதவு

வண்டி வாங்கிய பதினோராம் நாளே அதன் பின் கதவு சரியில்லை என்று சிவரஞ்சனிக்குத் தெரிந்துவிட்டது. பிக்கப் வண்டியில் சரக்கு ஏற்றும் தொட்டியைப் பின்னாலிருந்து மூடுகிற கதவு அது. அடியில் இரண்டு கீல், ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கி. தூக்கி மூடினால் இடது பக்கம் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி இருந்தது. வலது பக்கம் ஒரு காகிதத்தைக்கூடச் சொருக முடியவில்லை. வெள்ளை பெயின்ட் பளபளத்ததில் வாங்கிய அன்று யாரும் அதைக் கவனிக்கவில்லை. மலையேறும்போது பின்னாலிருந்து வந்த கடகடச் சத்தம்தான் அவளை இறங்கிப் பார்க்க வைத்தது.

தலைச்சோலையில் அவளுக்கும் கணவன் சிவக்குமாருக்கும் காப்பியும் மிளகும் பேரிக்காயும் விளைகிற தோட்டம் இருந்தது. தோட்டம் அவன் பொறுப்பு, வண்டி அவள் பொறுப்பு. சிவக்குமாருக்கு வளைவுகளில் தலை சுற்றும். பஸ்ஸில் போனாலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டுதான் போவான். சிவரஞ்சனியின் அப்பா எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். அவரிடம் வண்டி பழகியவளுக்கு ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் சொந்த வீட்டு வாசற்படி மாதிரி. ஊர்க்காரர்களின் விளைச்சலையும் சேர்த்து ஏற்றிச் சேலம் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, திரும்பும்போது உரமோ மாட்டுத் தீவனமோ ஏற்றி வருவாள்.

ஷோரூமுக்குப் போனாள். சர்வீஸ் மேனேஜர் பிரபாகர் கதவை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, இடைவெளியில் ரப்பர் துண்டு ஒட்டச் சொன்னார்.

"புது வண்டிங்க மேடம். ஓட ஓட செட் ஆயிரும்."

ஓட ஓட ஒன்றும் ஆகவில்லை. ரப்பர் துண்டு முதல் மழைக்கே உரிந்து போனது. கதவின் அடி விளிம்பில் பெயின்ட் குமிழ்விட்டுத் துரு எட்டிப் பார்த்தது. இரண்டாம் முறை போனபோது கொக்கியைச் சுத்தியலால் தட்டி வளைத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் முறை, "எல்லா வண்டியும் இப்படித்தாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். பேரிக்காய் சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது, வண்டியை நிறுத்திவைக்க மனமில்லை. அப்படித் தலையாட்டியதற்காகப் பிறகு அவள் தன்னைத்தானே பலமுறை திட்டிக்கொண்டாள்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் தீவன மூட்டைகளோடு மலையேறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாரிசாமி உட்கார்ந்திருந்தார். வாழவந்திக்காரர், ஐம்பது வயது, ஏழு வருடமாக அவளோடு மூட்டை ஏற்றி இறக்குகிறவர். பதினான்காம் வளைவில் வண்டி திரும்பியதும் பின்னால் படாரென்று சத்தம். கண்ணாடியில் பார்த்தாள். கதவு கீழே தொங்க, மூன்று மூட்டைகள் ரோட்டில் உருண்டு கிடந்தன. பின்னால் வந்த பஸ் அதில் ஏறாமல் ஓர் அடி தள்ளி நின்றிருந்தது. பஸ் டிரைவர் கையைத் தலையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

மூட்டைகளைத் திரும்ப ஏற்றிய பிறகு மாரிசாமி கதவைத் தூக்கினார். பாதி உயரம் வந்ததும் இடது கீல் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. கதவு முழுக் கனத்தோடு அவருடைய வலது பாதத்தில் இறங்கியது. அவர் ரோட்டோரக் கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். செருப்பு ரத்தத்தில் நனைந்தது.

இரண்டு விரல் முறிந்திருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கட்டுப் போட்டு முடிக்கும் வரை வெளியே நின்றிருந்த சிவரஞ்சனி, வண்டிக்குப் போய்க் கீல் பிய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். நான்கு இடத்தில் சொட்டு வைத்தாற்போல் வெல்டிங். நீளமாகப் பற்றவைத்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெயின்ட். பெயின்டை நகத்தால் சுரண்டினாள், அது பட்டை பட்டையாக உரிந்து வந்தது.

மறுநாள் காலையில் பிய்ந்த கதவைத் தொட்டியில் போட்டுக்கொண்டு ஷோரூமுக்குப் போனாள். இரண்டு மெக்கானிக்குகளை அழைத்து அதை இறக்கச் சொல்லி, வாடிக்கையாளர்கள் உட்காரும் சோபாவுக்கு முன்னால் சாத்தி வைத்தாள். பிரபாகர் வேகமாக வந்தார்.

"ஓவர்லோடு ஏத்தியிருப்பீங்க மேடம். அதுக்குக் கம்பெனி பொறுப்பாகாது."

அவள் எடைமேடைச் சீட்டை எடுத்து நீட்டினாள். தீவனக் கடையிலேயே போட்ட எடை. வண்டிக்கு அனுமதித்த பாரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பிரபாகர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மலை ரோட்ல தினமும் ஓட்டுனா எந்தக் கதவும் தாங்காதுங்க."

சிவரஞ்சனி அவருடைய தலைக்கு மேலே கையைக் காட்டினாள். சுவர் முழுக்க ஒரு படம். இதே வண்டி, மேகத்துக்கு நடுவே ஒரு மலை வளைவில் ஏறிக்கொண்டிருந்தது.

"அப்ப அந்தப் படத்த எதுக்குங்க மாட்டி வெச்சிருக்கீங்க? மலைக்காரங்களுக்கு விக்கறதுக்குத்தானுங்களே?"

சோபாவில் இருந்தவர்கள் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்கள். பிரபாகர் அவளை உள் அறைக்கு அழைத்துப் போனார். குரல் இப்போது தணிந்திருந்தது. புதுக் கதவு இலவசமாகப் போட்டுத் தருவதாகச் சொல்லி, ஒரு கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதால் கதவு சேதமானது, கம்பெனி நல்லெண்ணத்தில் மாற்றித் தருகிறது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"நான் பாரம் ஏத்துனதாலதான் மாரிசாமி அண்ணன் கால் போச்சுன்னு என் கையாலயே எழுதிக் குடுக்கணும். அப்படித்தானுங்களே?"

"சும்மா ஃபார்மாலிட்டிங்க."

"சும்மான்னா நீங்களே போட்டுக்குங்க" என்று எழுந்துவிட்டாள். கதவையும் மறக்காமல் ஏற்றிக்கொண்டாள்.

ஏற்காட்டில் ஜாபெஸ் தொட்டியில் கிடந்த கதவைப் பார்த்துவிட்டு அவளைத் தடுத்து நிறுத்தினார். பேக்கரி நடத்துகிறவர், சுற்றியுள்ள கடைகளுக்கெல்லாம் ரொட்டி போடுகிறவர். அதே ஷோரூமில் அதே வண்டியை வாங்கியிருந்தார்.

"எனக்கும் கதவு கழண்டுச்சு ரஞ்சனி. கையெழுத்துப் போட்டேன், மாத்திக் குடுத்தாங்க. அவனுங்களோட மோதி நாம என்ன பண்ண முடியும்? போட்டுட்டு வேலையப் பாரு."

"மாத்துன கதவு எப்படிங்கண்ணா இருக்கு?"

ஜாபெஸ் பார்வையைக் கடைப் பக்கம் திருப்பிக்கொண்டார். "கயிறு போட்டுக் கட்டியிருக்கேன்" என்றார்.

அன்று மாலை மாரிசாமியைப் பார்க்கப் போனாள். கட்டுப் போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்திருந்தார். கடிதத்தைப் பற்றிக் கேட்டதும் அவரும் ஜாபெஸ் சொன்னதையே சொன்னார்.

"என் காலுக்காக நீ சண்டை போட்டு வண்டியப் போட்டு வைக்காத கண்ணு. சீசன் போயிரும்."

"வண்டி ஓடும், நிக்காது. ஆனா பொய்யில கையெழுத்துப் போடமாட்டேன். மூணு தடவ அவனுக சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுனேன். அதுக்குத்தான் நீங்க படுத்திருக்கீங்க."



மறுநாள் வண்டியின் பின்புறம் கதவு இருந்த இடத்தில் தடித்த வலையைக் கட்டினாள். வலைக்கு மேலே ஒரு பலகை. கறுப்பு எழுத்தில் அவளே எழுதினாள்: 'இந்த வண்டியின் கம்பெனிக் கதவு தானாகவே திறந்து ஒருவர் காலில் விழுந்தது. பாரம் குறைவு. ஆதாரம் உண்டு. இதே வண்டி வைத்திருப்பவர்கள் கூப்பிடவும்.' அடியில் தன் போன் நம்பர். சிவக்குமார் எழுத்தை ஒருமுறை படித்தான். 'ஆதாரம்' என்பதில் ஒரு துணைக்காலை விட்டிருந்தாள், அதை மட்டும் போட்டுக் கொடுத்தான்.

மலைச் சாலையில் பின்னால் வருகிற வண்டிக்குப் படிக்க நேரம் நிறைய உண்டு. நான்கே நாளில் ஆறு அழைப்புகள். கரடியூரிலிருந்து காய்கறி ஏற்றும் ஒருவர், சங்ககிரிப் பக்கம் செங்கல் ஏற்றும் ஒருவர், வாழப்பாடியிலிருந்து ஒரு பால்காரர். எல்லோருக்கும் இடது பக்கம்தான். இடது கொக்கி, இடது கீல், இடது பக்கத்து இடைவெளி. சமதளத்தில் ஓட்டுகிறவர்களுக்கும் அப்படியே. வண்டி எண்ணையும் வாங்கிய மாதத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். படம் எடுத்து அனுப்பச் சொன்னாள்.

ஏழாம் நாள் பிரபாகரே கூப்பிட்டார். "பலகையக் கழட்டுங்க மேடம். கம்பெனி பேரக் கெடுக்கறீங்கன்னு கேஸ் போடுவாங்க."

"கம்பெனி பேரு அதுல எங்கீங்க இருக்கு? எழுதுனதுல எது பொய்யின்னு சொல்லுங்க, அந்த வரிய மட்டும் அழிச்சிர்றேன்."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. அன்றைக்கே அவள் ஆறு பேரின் படங்களையும் தன்னுடையதையும் சேர்த்துக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். பதில் வராவிட்டால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவதாகக் கடைசி வரியில் எழுதியிருந்தாள்.

பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து கவிப்பிரியா என்ற இன்ஜினியர் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். ஷோரூமில் சிவரஞ்சனியின் வண்டியிலேயே புதுக் கதவு ஒன்றை மாட்டி வைத்திருந்தார்கள். பிரபாகர் அதைத் திறந்து மூடிக் காட்டினார்.

"பாருங்க, பக்காவா இருக்கு."

"நிக்கற வண்டியில பாத்தா எப்படிங்க தெரியும்?" என்றாள் சிவரஞ்சனி. "ஒரு மூட்டைகூட வேண்டாம். வெறும் வண்டியிலயே மலைக்குப் போலாம். மேடமும் வரட்டும், நீங்களும் வாங்க. கொக்கிய நீங்களே போடுங்க சார், நான் தொடலீங்க."

பிரபாகர் கவிப்பிரியாவைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே முன் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். பிரபாகர் இரண்டு கொக்கியையும் மாட்டி இழுத்துப் பார்த்தார். கவிப்பிரியா அதைப் படம் எடுத்துக்கொண்டாள். அடிவாரம் தாண்டி ஏறத் தொடங்கினார்கள். சிவரஞ்சனி வழக்கமான வேகத்துக்கு ஒரு துளி கூடவும் போகவில்லை, குறையவும் இல்லை. ஐந்தாம் வளைவில் கடகடச் சத்தம் ஆரம்பித்தது. எட்டில் அது பலத்தது. இன்றைக்கென்று பார்த்து அது திறக்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். ஒன்பதாம் வளைவின் நடுவில் படாரென்றது.

ஓரம்கட்டி இறங்கினார்கள். கதவு ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கொக்கி சரியா மாட்டலையோ என்னவோ" என்றார் பிரபாகர்.

"மாட்டுனது நீங்கதான் சார்" என்றாள் கவிப்பிரியா. பிறகு பையிலிருந்து அளவுகோலை எடுத்து, ரோட்டில் முழங்காலிட்டு, தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்தாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கன்னத்தில் கிரீஸ்.

"கதவ மாத்தி மாத்திப் பிரயோஜனம் இல்லக்கா. கொக்கி மாட்டற இடத்த பாடியிலயே இறக்கிப் பத்தவெச்சிருக்காங்க. கீல்ல பாதி வெல்டிங்தான் இருக்கு. வண்டி வளையறப்ப எப்படியும் கழண்டுரும்."

"இத எழுதித் தருவீங்களா சாமி?"

கவிப்பிரியா பிரபாகரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியின் பானெட்டில் தாளை வைத்து அங்கேயே எழுதினாள்.

அதன் பிறகும் கம்பெனி சுலபத்தில் இறங்கி வரவில்லை. முதலில் வந்த கடிதத்தில் 'வாடிக்கையாளரின் திருப்திக்காக' என்று இருந்தது. அதைத் திருப்பி அனுப்பினாள். இரண்டாவதில் 'தயாரிப்பில் ஏற்பட்ட வெல்டிங் குறை' என்று இருந்தது. மாரிசாமியின் மருத்துவச் செலவும், வேலைக்குப் போகாத நாட்களின் கூலியும் கம்பெனியின் பொறுப்பு என்றும் இருந்தது. அதை மாரிசாமியிடம் முதலில் படித்துக் காட்டினாள். அவர் குறை என்கிற சொல் வரும் வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

ஆடிப் பதினெட்டு கழிந்த வாரம் ஏழு வண்டிகளும் ஷோரூமில் வரிசையாக நின்றன. பாடியில் அந்த இடத்தையே வெட்டியெடுத்துப் புதிதாகப் பற்றவைத்தார்கள். சிவரஞ்சனியின் வண்டி முதலில் முடிந்தது. வெளியே எடுக்கப் போனபோது வாசலில் ஜாபெஸ் நின்றுகொண்டிருந்தார். அவருடைய ரொட்டி வண்டியை உள்ளே விடவில்லை.

"அவரு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுட்டாருங்க. இனி கோரிக்கை இல்லைன்னு எழுதியிருக்கு" என்றார் பிரபாகர்.

"விடு ரஞ்சனி" என்றார் ஜாபெஸ். அவர் அவளை நேராகப் பார்க்கவில்லை. "நான்தானே போட்டேன்."

சிவரஞ்சனி தன் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சர்வீஸ் கூடத்துக்கு வழி ஒன்றுதான். அதன் நடுவில்தான் அவள் வண்டி நின்றது. எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மேடம், வழிய விடுங்க. பின்னால வண்டிங்க நிக்குது."

"நிக்கட்டுங்க. பொய்யின்னு தெரிஞ்சே எழுதி வாங்குன கடுதாசி அது. உங்க இன்ஜினியரு எழுதுன தாளு எங்கிட்ட இருக்கு. ரெண்டையும் சேத்து வெச்சு யாருகிட்ட வேணும்னாலும் பேசுங்க. நான் இங்கயேதான் இருப்பேன்."

மற்ற ஆறு பேரும் தங்கள் வண்டிகளை விட்டு இறங்கி வந்து அவள் வண்டியருகே நின்றார்கள். செங்கல்காரர் பின் தொட்டியில் ஏறி உட்கார்ந்தேவிட்டார். பிரபாகர் போனைக் காதில் வைத்தபடி கண்ணாடி அறைக்குள் போனார். முக்கால் மணி நேரம் ஆனது. யாரோ டீ வாங்கி வந்தார்கள். சிவரஞ்சனி ஜன்னல் வழியாகவே வாங்கிக் குடித்தாள்.

பிரபாகர் வெளியே வந்தபோது கையில் ஜாபெஸின் பழைய கடிதம் இருந்தது. அதை அவரிடமே கொடுத்துவிட்டு, மெக்கானிக்கைப் பார்த்து, "பேக்கரி வண்டிய உள்ள எடு" என்றார்.

சிவரஞ்சனி வண்டியைப் பத்தடி முன்னால் நகர்த்தி நிறுத்தினாள். ரொட்டி வண்டி பக்கவாட்டில் அவளைத் தாண்டி உள்ளே போய், கூரைக்கு அடியில் நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மலைக்குக் கிளம்பினாள்.